மோட்டார் வண்டியின் மேற்கட்டி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் அதன் எஞ்சினைப் பேசுவர், சக்கரங்களைப் பேசுவர், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அஃது ஓடும் தூரத்தைப் பேசுவர். அதன் உட்கூரையைப் பற்றிப் பேசுவோர் மிக அரியர். அதற்குக் காரணமும் உண்டு. ஓட்டுபவர் பாதையை நோக்குகின்றார். அவர் அருகில் இருப்பவர் எதிர்வரும் ஊர்களை நோக்குகின்றார். பின்னே அமர்ந்த சிறுவர் சன்னல் வழியே பனைகளையும் ஆடுகளையும் எண்ணிக்கொண்டு வருகின்றனர். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர் யாவர்? மடியிற் கிடக்கும் கைக்குழந்தை பார்க்கும். பிணியால் தளர்ந்து சாய்ந்து கிடப்போர் பார்ப்பர். இவ்விரு திறத்தாரும் தாம் கண்டதை வெளியிற் சொல்வதில்லை. ஆதலின் வண்டியின் உட்கூரை பெரும்பாலும் மறக்கப்பட்ட ஒரு பொருளாயிற்று.

அதனைத் தொழிலாளர் ‘ரூஃப் லைனிங்’ என்கின்றனர். தமிழ் பயிலும் எமக்கு அதற்கொரு பெயரைப் புதிதாக ஆக்கவேண்டிய தொல்லை நேரவில்லை. கூரையின்கீழ்க் கட்டும் துணியை நம் முன்னோர் ‘மேற்கட்டி’ என்றும் ‘விதானம்’ என்றும் வழங்கினர். சிலப்பதிகாரத்து மணவினையில் நீல விதானம் பேசப்படுகின்றது. ஊர்ப்புறத்து மணப்பந்தல்களில் ஓலைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவதை நம்மில் முதியோர் பலர் கண்டிருப்பர். அத்துணி பந்தலுக்கு அழகு தரும். ஓலையிலிருந்து உதிரும் தூசும் பூச்சியும் மணமக்கள் தலைமேல் விழாது காக்கவும் செய்யும். அழகும் காவலும் ஒருங்கே அமைந்த பொருள் அது. ஆயின், காக்கவேண்டிய மேற்கட்டியே தூசைச் சொரியத் தொடங்கினால் என் செய்வது? அந்நிலையே எம் வீட்டு வண்டிக்கு நேர்ந்தது.

அவ்வண்டி 2003-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. பிறர் ஓட்டிய வண்டியாக எம் தந்தையார் அதனை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கும், எப்போதேனும் உறவினர் இல்லங்களுக்கும் சென்றுவர அது போதுமானதாக இருந்தது. பின்னர் எம் அன்னையாருக்குச் சிறுநீரகங்கள் தளர்ந்தன. அன்று தொட்டுக் கிழமைக்கு இருமுறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும், அவரை டயாலிசிஸ் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்லவேண்டியதாயிற்று. நாசரேத்துக்கு அண்மையிலுள்ள எம் ஊரிலிருந்து செல்ல ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மீள அத்துணைத் தூரம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்திருந்து, உடம்பின் குருதியெல்லாம் வெளிச்சென்று சுத்தியடைந்து உட்புகுந்தபின் எழுபவர்க்கு நிமிர்ந்து உட்காரும் வலி ஏது? பின் இருக்கையில் தலையைச் சாய்த்து, முகத்தை மேல்நோக்கி வைத்துக்கொண்டே அவர் வீடு திரும்புவார்.

மேற்கட்டி தொங்கத் தொடங்கியது சரியாக அவ்விடத்திலேதான். முதலில் ஒரு கைப்பிடி அளவில் துணி உப்பியது. ஒரு கோடைக்குள் அது பின் கண்ணாடிவரை பரந்து, பால் நிறைந்த மடிபோலத் தாழ்ந்தது. ஓட்டுபவர் முன்னுள்ள சிறு கண்ணாடியிற் பார்த்தால் பின்வரும் லாரி தெரிவதில்லை. தொங்கும் துணியே தெரிந்தது. குண்டூசிகளால் அதனைத் தாங்கி வைத்துப் பார்த்தார் தந்தையார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஊசிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நோயாளியின் முகத்துக்கு நேர்மேலே ஊசிகளைக் குத்தி வைப்பது தகாதென்று அவற்றை அவரே களைந்துவிட்டார். அதன்பின் ஊசித் துளைகளின் வழியே பழுப்பு நிறப் பொடி உதிரத் தொடங்கிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மெல்லிய துண்டை உடன் எடுத்து வந்து முகத்தின்மேல் இட்டுக்கொண்டார். எண்பது கிலோமீட்டரில் நாற்பதை அவர் துண்டுக்குள்ளேயே கடந்தார்.

சீர்செய்து தரும் கடையொன்றில் வினவியபோது 6,000 ரூபாயும் நான்கு நாளும் வேண்டுமென்றனர். மருந்துச் செலவுக்கிடையே அத்தொகை பெரிதே. ஆயினும் தொகையினும் நாட்களே எமக்குப் பெருந்தடையாயின. செவ்வாய் மாலைக்கும் வெள்ளிக் காலைக்கும் இடையே முழுமையாக உள்ளவை இரண்டே நாட்கள். சிகிச்சை நாளைத் தள்ளிவைத்தல் இயலாது. எனவே அவ்விரு நாட்களுக்குள் அடங்குமாறு அவ்வேலையை வீட்டிலேயே முடிப்பதென்று யாமும் எம் தங்கையும் துணிந்தோம். எங்கள் இருவர்க்கும் அப்போது தேர்வுக்கு முந்திய விடுமுறை.

பாளையங்கோட்டையில் குஷன் தைக்கும் முதியவர் ஒருவர் எமக்குப் பழக்கமானவர். வண்டியை அவரிடம் காட்டி, ஊசித் துளை வழியே பசையைச் செலுத்தித் துணியை அழுத்திவிட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டோம். அவர் துணியை இரு விரலாற் பிடித்து நிமிண்டினார். பொரபொரவென்று ஓர் ஓசை கேட்டது.

“தம்பி, துணி நல்லாத்தான் இருக்கு. அட்டையும் நல்லாத்தான் இருக்கு. நடுவிலே இருக்கிற ஸ்பாஞ்சு செத்துப்போச்சு. செத்ததுமேலே பசை தடவினா அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?” என்றார்.

“நாங்களே மாத்திரலாமா, அண்ணாச்சி?”

“மாத்தலாம். ரெண்டு கை போதாது, நாலு கை வேணும். பழசைச் சுரண்டுறதுதான் வேலை. புதுசை ஒட்டுறது வேலையே இல்லை. இதை மட்டும் மறந்துராதீங்க.”

இவ்வுரையின் உண்மையை விளக்கிக்கொள்ள வேண்டுமாயின் மேற்கட்டியின் அமைப்பை ஒருவாறு அறிதல் வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன் கூரை மரச் சட்டத்தின்மேல் நீர் புகாத துணியைப் போர்த்தியதாகவே இருந்தது. மூடிய வண்டிகள் பெருகிய பின்னரும் பலவற்றின் கூரை நடுவில் இத்துணியே நிலவிற்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1935-ஆம் ஆண்டு வண்டிகளில் முழுவதும் எஃகுத் தகட்டாலாகிய கூரையை அமைத்தனர். எஃகு உறுதியுடையது, ஆயின் வெயிலிற் காயும், மழையிற் பறைபோல் முழங்கும். அவ்வெப்பத்தையும் ஓசையையும் தணிக்க உள்ளே துணி வேண்டும். பழைய வண்டிகளில் குறுக்கே கம்பிகளைக் கோத்து, அவற்றில் துணியைத் தொங்கவிட்டு, ஓரங்களை இழுத்து ஒட்டினர். பிற்காலத்தில் அம்முறை மாறிற்று. கூரையின் வளைவுக்கு ஏற்ப அச்சில் அழுத்திய நார் அட்டை ஒன்றைச் செய்து, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிய துணியைப் பதித்து, முழு அட்டையையும் ஒரே பொருளாக உள்ளே பொருத்துகின்றனர். எம் வண்டி இவ்வகையினது.

ஆகவே அட்டை, ஸ்பாஞ்சு, துணி என்ற மூன்று அடுக்குகள் ஆயின. அட்டைக்கு நெடுநாள் உண்டு, துணிக்கும் உண்டு. நடுவணதாகிய ஸ்பாஞ்சுக்கோ ஆயுள் குறைவு. அது பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆவது. அப்பொருளின் வேதியியலை ஜெர்மனி தேசத்து லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1937-ஆம் ஆண்டிற் கண்டனர். அதன் நெடிய மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் காற்றின் ஈரமும் பிராணவாயுவும் மெல்ல மெல்ல அறுக்கின்றன. வெப்பம் அவ்வேலையை விரைவாக்குகின்றது. வெளியே 38 டிகிரி வெயில் காயும்போது, மூடி நிறுத்திய வண்டியினுள்ளே 55 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறும். கூரைத் தகட்டை அடுத்துள்ள இடத்தின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. இருபது கோடைகள் இங்ஙனம் கழிந்தால், அழுத்தினால் எழும்பும் ஸ்பாஞ்சு விரலில் ஒட்டும் பொடியாகின்றது. துணி தன் பசையோடு அப்பொடியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது; பொடியோ அட்டையைப் பற்றுவதில்லை. இதனை எமக்கு எடுத்துரைத்தவர் எம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவர். அண்ணாச்சி இரண்டு விரலால் அறிந்ததை அவர் இரண்டு பக்கங்களில் எழுதிக் காட்டினார். இருவர் சொன்னதும் ஒன்றே.

செவ்வாயன்று மாலை, அன்னையாரை உள்ளே படுக்கவைத்தபின் வேலையைத் தொடங்கினோம். தொடங்குமுன் எம் தங்கை பின் இருக்கையில் அவர் சாய்ந்திருக்கும் இடத்திற் சாய்ந்து மேலே நோக்கினாள். “அண்ணா, நீயும் வந்து பார்” என்றாள். யாமும் அவ்வாறே சாய்ந்து பார்த்தோம். அவ்வண்டியில் எத்தனையோ முறை ஏறி இறங்கியும் அன்றுதான் அக்காட்சியைக் கண்டோம். முகத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் துணி இறங்கியிருந்தது. கறைகளும் ஊசித் துளைகளும் நிறைந்திருந்தன. இருவரும் ஒன்றும் பேசாமல் எழுந்தோம்.

முதலில் பாட்டரியின் கம்பியைக் கழற்றினோம். கூரை விளக்கில் மின்சாரம் இருத்தலாகாது. பின்னர் விளக்கு, வெயில் மறைப்பு, கைப்பிடிகள் ஆகியவற்றின் திருகாணிகளை வரிசையாக எடுத்து, எது எவ்விடத்தது என்று தாளில் எழுதித் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டோம். கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துத் தளர்த்தினோம். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூண்களின் உறைகள் பிளாஸ்டிக் கிளிப்புகளால் நிற்பன; பழைய பிளாஸ்டிக் எளிதில் முறியும். ஆதலின் கத்தியால் நெம்பாமல், துணி சுற்றிய மர அகப்பைக் காம்பால் மெல்ல எழுப்பினோம். எல்லாம் கழன்றபின் அட்டை எங்கள் கைகளில் இறங்கிற்று. அது பெரிதாயினும் அப்பளம் போன்றது. நடுவில் மடங்கினால் வெடித்துவிடும். முன் இருக்கைகளைப் பின்னோக்கி முழுதும் சாய்த்துவிட்டு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத் தாங்கி, சாய்வாகத் திருப்பி வெளியே கொணர்ந்தோம். நாலு கை வேண்டுமென்று அண்ணாச்சி சொன்னதன் பொருள் அப்போது விளங்கிற்று.

கழற்றும்போது ஒன்று கண்டோம். துணியைச் சாம்பல் நிறம் என்றே யாம் எண்ணியிருந்தோம். விளக்கின் அடியில், வெளிச்சமும் தூசும் படாத இடத்தில், உள்ளங்கை அளவு துணி தன் பழைய நிறத்தோடு இருந்தது. அது சந்தன நிறம். அத்துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலையில் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் சென்று, அந்நிறத்திலேயே ஸ்பாஞ்சு ஒட்டிய துணி வாங்கினோம். வெறும் துணி உதவாது. அடியில் ஸ்பாஞ்சு இல்லையாயின் அட்டையின் மேடு பள்ளமெல்லாம் வெளியே தெரியும்.

பின்பு வந்தது சுரண்டும் வேலை. பழைய துணியைப் பிடித்து இழுத்தவுடன் அது பாயைச் சுருட்டுவதுபோல எளிதில் வந்துவிட்டது. அதன் அடியில் அட்டை முழுவதும் பழுப்பு நிறமாகப் பொடி படிந்து கிடந்தது. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வேப்ப மரத்தடியில் அட்டையைக் கிடத்தி, விறைப்பான நைலான் பிரஷ்ஷினால் தேய்த்தோம். இரும்புப் பிரஷ் அட்டையின் நாரைக் கிளறிவிடும். தண்ணீர் ஊற்றினால் அட்டை ஊறி வளையும். ஆகவே இரண்டும் ஆகா. ஒரு முறை தேய்த்தபோது சுத்தமாகத் தோன்றிற்று. கையால் தடவினால் கையெல்லாம் பழுப்பு. இரண்டாம் முறையும் அவ்வாறே. உள்ளங்கையைத் தடவி எடுத்தால் வெறுங்கையாக வரும்வரை தேய்ப்பதென்று தங்கை ஒரு விதி செய்தாள். அவ்விதி நிறைவேற ஐந்து மணி நேரம் ஆயிற்று. மூலையில் இருந்த பழைய வெடிப்பொன்றைப் பின்புறமாகத் துணிப்பட்டை ஒட்டி உறுதி செய்தோம்.

வியாழன் காலையில் ஒட்டினோம். தச்சர் மரத்துக்கு இடும் வெள்ளைப் பசை இதற்கு ஏற்றதன்று. வெயிலின் வெப்பத்தில் அது தளரும். வெப்பம் தாங்கும் ரப்பர்ப் பசையே வேண்டும். இவ்வகைப் பசைகள் பலவற்றுக்கு அடிப்படை நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். அமெரிக்காவில் துப்பாண்ட் கம்பெனியாரின் ஆய்வகத்தில் 1930-ஆம் ஆண்டிற் பிறந்தது. அதனை இரு புறத்தும் தடவி, ஈரம் வற்றி விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, பின்னரே ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும். சேர்த்தபின் பிரித்தல் அரிது. அதன் ஆவி தீப்பற்றும் இயல்பினது. மூச்சுக்கும் தீங்கு தரும். எனவே அடுக்களைக்குத் தொலைவில், திறந்த வெளியிலேயே அவ்வேலையைச் செய்தோம்.

துணியை நாற்புறமும் ஒரு சாண் மிகுதியாக வெட்டி அட்டையின்மேல் விரித்து, பாதியை மடித்து ஒதுக்கி, மறுபாதிக்குப் பசையிட்டோம். பத்து நிமிடம் காத்திருந்தோம். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல, உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டு சென்றோம். வலிந்து அழுத்தினால் ஸ்பாஞ்சு நசுங்கிப் பசை வெளியே கசியும். அழுத்தாவிட்டால் காற்று தங்கும். பள்ளமான இடங்களில் துணியை இழுத்துப் பிடிக்காமல், தளர்த்தி உள்ளே அமர்த்தவேண்டும். இழுத்து ஒட்டிய துணி நாளடைவில் மேடெழும். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. பின்னர் ஓரங்களை அட்டையின் பின்புறத்துக்கு மடித்து ஒட்டி, விளக்குக்கும் கைப்பிடிக்கும் உரிய துளைகளைச் சிறிதாகவே கீறினோம். பெரிதாக வெட்டியது மீண்டும் சிறிதாகாது. ஒட்டும் வேலை முழுவதும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. சுரண்டியதற்கு ஐந்து, ஒட்டியதற்கு ஒன்றரை.

மாலையில் அட்டையை ஏற்றி, கிண்ணங்களின் வரிசைப்படி ஒவ்வொன்றாக மாட்டினோம். பசையின் மணம் நோயுற்றவர்க்கு ஆகாதென்று, வண்டியின் நான்கு கதவுகளையும் இரவு முழுதும் திறந்து வைத்து, முற்றத்தில் கயிற்றுக் கட்டிலிட்டு அதன் அருகே படுத்திருந்தோம். செலவுக் கணக்கு இது: துணி இரண்டரை மீட்டர், மீட்டர் 450 ரூபாய் வீதம் 1,125 ரூபாய், பசை 430 ரூபாய், பிரஷ், முகமூடி, கத்தி முதலியன 170 ரூபாய், ஆக 1,725 ரூபாய்.

வெள்ளியன்று காலையில் அன்னையார் ஏறி அமர்ந்து மேலே பார்த்தார். “வாங்கின புதுசிலே இந்த நிறந்தான் இருந்தது” என்று மட்டும் சொன்னார். மாலையில் மீளும்போது ஸ்ரீவைகுண்டம் கழியுமுன்னரே உறங்கிவிட்டார். துண்டு மடித்தபடி அவர் மடியில் இருந்தது. தந்தையார் சிறு கண்ணாடியில் ஒருமுறை பின்னே பார்த்தார். பின்வரும் பாதையும் அதில் முழுதும் தெரிந்தது. உறங்குபவரின் முகமும் தெரிந்தது.

இம்மேற்கட்டியால் எம் அன்னையாரின் நோய் ஒரு சிறிதும் குறையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் முன்போலவே வருகின்றன. ஆயினும் நோயைத் தீர்க்க வல்லாரல்லாத எம்மனோர் கைக்கு எட்டும் வேலைகள் சில உண்டென்பதையும், அவற்றைக் காண அவர் சாய்ந்திருக்கும் இடத்தில் யாமும் ஒருமுறை சாய்ந்து பார்த்தல் வேண்டும் என்பதையும் இவ்வேலையால் அறிந்தோம்.

பழைய வண்டி உடையார்க்கு ஒரு சொல். கூரையோரத்தில் காற்றுப்பை அமைந்த புதிய வண்டிகளில் இவ்வேலையைத் தாமே தொடுதல் கூடாது. அது தொழில் வல்லார்க்கு உரியது. ஏனையோர் துணிந்து செய்யலாம். ஆனால், செத்த ஸ்பாஞ்சை முற்றும் அகற்றாமல் அதன்மேற் பசையிட்டுக் காலத்தையும் பொருளையும் இழக்கவேண்டா. எஞ்சிய துணியை யாம் சுருட்டிப் பரணில் வைத்திருக்கின்றோம். நம் கல்லூரி நண்பர் எவர் வீட்டு வண்டியிலேனும் சிறு கிழிசலுக்கு அது பயன்படுமாயின், கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். உடன்வந்து சுரண்டித் தரவும் யாம் இசைகின்றோம்.